கொரங்காட்டு மாட்டுக்கு நக்குக் கட்டியா, புண்ணாக்கா? ஒன்றரை வருசம் இரண்டையும் போட்டுப் பார்த்தேன்

மாசி பிறந்தால் எங்கள் கொரங்காட்டில், அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். பார்வைக்குப் புல் நிறையவே இருக்கும். மாடும் வயிறு முட்ட மேயும். ஆனாலும் பங்குனி முடிவதற்குள் விலா தெரிய நிற்கும். மழை பெய்து புல் புதுத் துளிர் விடும் வரைக்கும், மாசியிலிருந்து ஆடி வரை ஆறு மாதத்தை எப்படித் தாண்டுவது என்பது எங்கள் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள கவலை.

அந்த ஆறு மாதத்துக்காக நான் வாங்கிய இரண்டு பொருள்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று, யூரியாவும் கரும்பாலைக் கழிவுப்பாகும் தாது உப்பும் கலந்து இறுக்கிய நக்குக் கட்டி. இன்னொன்று பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. கட்டி செய்தவர் பெயரையும் கடையின் பெயரையும் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறை எந்தக் கம்பெனிக் கட்டிக்கும் பொருந்தும் என்பதால் பெயர் தெரிந்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மூலனூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டை ஒட்டிப் பதினெட்டு ஏக்கர் கொரங்காடு, ஐந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பதினான்கு ஏக்கர். இரண்டுக்கும் முள் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரங்கள். பதினொரு காங்கயம் பசு, நான்கு கிடாரி, மூன்று கன்று. வீட்டுக்காரர் வெள்ளகோவிலில் வேலைக்குப் போகிறார், பையன் திருப்பூரில் இருக்கிறான். மாட்டுப் பாடு முழுக்க என்னுடையதும் அத்தையுடையதும். அத்தைக்கு எழுபத்தாறு வயது. அவர் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் இந்தக் கட்டுத்தாரையில் உழவு மாடே எட்டு நின்றதாம்.

முதலில் நான் செய்துகொண்டிருந்ததைச் சொல்கிறேன். தினமும் காலையில் ஒரு மாட்டுக்கு அரைக் கிலோ புண்ணாக்கு. வீட்டுக் காட்டு மாட்டுக்குச் சிரமமில்லை. தள்ளியிருக்கும் காட்டுக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் புண்ணாக்கைக் கட்டிக்கொண்டு போய், படலைத் திறந்து, பாதியாக அறுத்த பேரல்களில் போட்டுவிட்டு வருவேன். ஆடிக் காற்றில் அந்த ஐந்து கிலோமீட்டர் வண்டி ஓட்டுவது எப்படி இருக்கும் என்று தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயில் நுழையும் காற்று முழுக்க எங்கள் மேல்தான் விழும். ஒருநாள் சாக்கோடு வண்டி சாய்ந்து முட்டியில் அடி. இரண்டு வாரம் நடக்க முடியவில்லை. அந்த இரண்டு வாரமும் பக்கத்துக் காட்டுத் தம்பிதான் ஒருநாள் விட்டு ஒருநாள், சிலசமயம் இரண்டு நாள் விட்டு, போட்டுவிட்டு வந்தார். கால் சரியாகிப் போய்ப் பார்த்தால் மாடு இளைக்கவே இல்லை.

இதைக் கால்நடை மருந்தக டாக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "புண்ணாக்குன்னா வாரத்துல மூணு நாள் போட்டாப் போதுமுங்க. வார அளவைக் கொறைக்காதீங்க, அவ்வளவுதான்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அத்தைக்குக் கோபமே வந்துவிட்டது. "நாம தெனமும் மூணு நேரம் உங்கறோம், வாயில்லாச் சீவனுக்கு மட்டும் வாரத்துல மூணு நாளா அம்மிணி?" என்று கேட்டார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புல்லின் நாரைக் கரைப்பது அவைதான். அவற்றுக்குப் புரதத்திலிருந்து வரும் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். காய்ந்த புல்லில் புரதம் நூற்றுக்கு 7 பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த உயிர்கள் பட்டினி. நார் கரையாமல் வயிற்றிலேயே தங்கும். வயிறு நிறைந்திருப்பதால் மாடு மேலும் மேயாது. நிறைந்த வயிற்றோடு இளைப்பது இப்படித்தான். கொஞ்சம் புண்ணாக்கு உள்ளே போனால் நுண்ணுயிர் பெருகும், நார் கரையும், மாடு கூடுதலாக மேயும். அப்படியானால் புண்ணாக்கு போடாத நாளில்? அதற்கும் வழி இருக்கிறது. மிஞ்சிய தழைச்சத்தை மாடு முழுவதையும் சிறுநீரில் விட்டுவிடுவதில்லை. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றும். அந்த யூரியாவில் ஒரு பங்கு எச்சில் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் மறுபடி பெருவயிற்றுக்கே வந்துசேரும். "தானாவே சேத்து வெச்சுச் செலவு பண்ற சாதிங்க இது" என்றார் டாக்டர். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லையாம். இறைச்சிக்காகப் பெரும் மேய்ச்சல் நிலத்தில் மாடு வளர்க்கும் அமெரிக்காவில் அறுபது வருசத்துக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். ஓக்லஹோமாவில் குளிர்காலக் காய்ந்த புல்லில் மேய்ந்த காளைகளுக்கு, நாம் போடுகிற இதே பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைத் தினமும், மூன்று நாளுக்கு ஒருமுறை, வாரம் ஒருமுறை என்று போட்டுப் பார்த்த ஆய்வு 1962ல் வெளிவந்தது. எடை கூடியதில் பெரிய வேறுபாடு இல்லை. பிறகு ஓரிகன் மாநிலத்தில் சினைப் பசுக்களுக்குத் தினமும், மூன்று நாளுக்கு ஒருமுறை, ஆறு நாளுக்கு ஒருமுறை என்று போட்டுப் பார்த்து 2002ல் வெளியிட்ட ஆய்விலும் அதே முடிவுதான். அங்கே நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு வண்டியில் போய்வரும் எண்ணெய்ச் செலவும் ஆள் கூலியும்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வைத்திருக்கும். எனக்கு அதைக் கேட்க வைத்தது ஆடிக் காற்று.

ஆனாலும் அவர்கள் மாடு வேறு, புல் வேறு. அதனால் போன வருசம் மாசியில் நானே போட்டுப் பார்த்தேன். வீட்டுக் காட்டில் ஆறு பசுவுக்குத் தினமும் அரைக் கிலோ. தள்ளியிருக்கும் காட்டில் ஐந்து பசுவுக்குத் திங்களும் புதனும் ஒவ்வொரு கிலோ, வெள்ளிக்கிழமை ஒன்றரைக் கிலோ. இரண்டு பக்கமும் வாரத்துக்கு மூன்றரைக் கிலோதான். வெள்ளிக்குப் பிறகு மூன்று நாள் இடைவெளி வருவதால் அன்றைக்கு மட்டும் கூடுதல்.

எடை பார்க்க எங்களிடம் மேடை இல்லை. தையல் டேப்தான். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, தோள் முனையிலிருந்து பின்புட்டம் வரை நீளம் அளந்து, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வருவதை 660ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். அளவு அங்குலத்தில் இருக்க வேண்டும். எங்கள் மூத்த பசு மயிலைக்குச் சுற்றளவு 62, நீளம் 52. கணக்குப்படி 303 கிலோ. சித்திரைக் கடைசியில், பத்து வாரம் கழித்து அளந்தபோதும் அதே 62தான். மாசியில் இருந்த உடம்பு சித்திரைக் கடைசியிலும் அப்படியே நின்றது என்றால் எங்கள் பக்கத்துக் கணக்கில் அது லாபம். மயிலை மூன்று நாள் தீனி தின்ற கூட்டத்தில் இருந்தவள். தினமும் தின்ற ஆறில் இரண்டு அரை அங்குலம் ஏறியிருந்தன, ஒன்று அரை அங்குலம் இறங்கியிருந்தது. இரண்டு காட்டுப் புல்லும் ஒன்றல்ல, ஐந்தாறு மாட்டை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இளைக்கவில்லை என்பதை டேப்பும் பார்த்தது, என் கண்ணும் பார்த்தது.

டேப்பைவிடச் சாணியை நான் அதிகம் நம்புகிறேன். புரதம் போதாத மாடு போடும் சாணி இறுகி, அடுக்கடுக்காக மடிந்து, விழுந்தபடியே கூம்பாக நிற்கும். தீனி சேரத் தொடங்கிய ஒரு வாரத்தில் அது தளர்ந்து, நடுவில் குழி விழுந்து தோசை போலப் பரவும். சாணி இறுகிக் கிடந்தால் பை காலியாகும் முன்பே புண்ணாக்குக்குச் சொல்லிவிடுவேன்.

மூன்று நாள் முறையில் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் வந்தது. தினமும் போட்டபோது மாடெல்லாம் விடியற்காலையிலேயே படலோரம் வந்து எக்ஸெல் சத்தத்துக்குக் காத்து நிற்கும். வெயில் ஏறுவதற்கு முந்திய அந்த இரண்டு மணி நேரம்தான் மாடு நன்றாக மேய்கிற நேரம். அது வீணாகிக்கொண்டிருந்தது. இப்போது மூன்று நாளும் பதினொரு மணிக்கு மேல், மேய்ந்து முடித்து வெள்வேல் நிழலில் படுத்திருக்கும்போதுதான் போகிறேன். இன்னொன்று, அரைக் கிலோ வீதம் போட்டால் காரி என்ற பசு தன் பங்கை நான்கு வாயில் முடித்துவிட்டு அடுத்த பேரலுக்குப் போய்ச் சாதுவான செவலையை முட்டித் தள்ளிவிடும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்றால் காரி தன்னுடையதை முடிப்பதற்குள் செவலையும் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறாள். பேரல்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள். நான் பத்தடிக்கு ஒன்று வைத்திருக்கிறேன்.

வாரம் ஒரே நாளில் மூன்றரைக் கிலோவையும் போட்டுப் பார்த்தேனா? பார்த்தேன், வைகாசியில் இரண்டு வாரம். வேண்டாம். இரண்டு மாட்டுக்குக் கழிச்சல் கண்டது, மற்றவை மிச்சம் வைத்தன, மிச்சத்தை மயில் வந்து கிளறியது. செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் தங்கியிருக்கும், எங்கள் மாடும் சின்ன உடம்பு. ஒரே நாளில் அவ்வளவு எண்ணெய் வயிற்றுக்கு ஆகாது.

அடுத்து நக்குக் கட்டி. இதைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

மூன்று கிலோக் கட்டி, எனக்கு 180 ரூபாய்க்குக் கிடைத்தது. பழுப்பு நிறம், கரும்பாலை வாசம், நல்ல இறுக்கம். கை நகத்தால் கீறினால் பொடி மட்டும்தான் வரும். இறுக்கம்தான் கட்டிக்கு உயிர். இளகிய கட்டியை மாடு நக்காது, கடித்துத் தின்னும். கடித்தால் ஒரே நேரத்தில் யூரியா மிகுதியாக உள்ளே போய்விடும். அந்த வகையில் இந்தத் தயாரிப்பைக் குறை சொல்ல மாட்டேன். முதலிரண்டு நாள் மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகின. மூன்றாம் நாள் காரி நக்கினாள், அதன்பிறகு வரிசை கட்டின.

ஒரு வாரத்துக்கு ஆறு கட்டி, பதினெட்டுக் கிலோ வைத்தேன். வாரக் கடைசியில் மிச்சத்தை நிறுத்தால் இரண்டு கிலோ அறுநூறு. பதினொரு மாட்டுக்குப் பங்கு போட்டால் நாளைக்கு 200 கிராம். அட்டைப்பெட்டியில் 300 முதல் 400 கிராம் நக்கும் என்று போட்டிருக்கிறது. எல்லா மாடும் 200 நக்கியதாகவும் எண்ண வேண்டாம். நிழலில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். காரியும் மூத்த மயிலையும் கட்டியைவிட்டு நகரவில்லை. இரண்டு மாடு பக்கத்திலேயே வரவில்லை. சராசரி என்பது ஏட்டில் மட்டும்தான்.

காசுக் கணக்கு: கட்டிக்கு வாரம் 924 ரூபாய். புண்ணாக்கு கிலோ 42 ரூபாய்க்கு வாங்கினேன், 38.5 கிலோவுக்கு 1,617 ரூபாய். கட்டி மலிவாகத் தெரிகிறது. ஆனால் உள்ளே போகும் புரதத்தைப் பாருங்கள். ஒரு கிலோ யூரியா புரதக் கணக்கில் ஏறக்குறைய 2.8 கிலோவுக்குச் சமம். என் கட்டியில் யூரியா நூற்றுக்குப் பத்துப் பங்கு என்று அச்சிட்டிருந்தது. 200 கிராம் நக்கினால் 20 கிராம் யூரியா, அதிலிருந்து 56 கிராம் புரதக் கணக்கு, மற்ற சரக்கிலிருந்து இன்னும் கொஞ்சம். அரைக் கிலோப் புண்ணாக்கில், தோல் நீக்காத சாதாரண ரகமே ஆனாலும், நூறு கிராமுக்கு மேல் நிஜப் புரதம் இருக்கிறது. கட்டி மட்டும் வைத்து மாசி, பங்குனியைத் தாண்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புல் இருக்கிற காட்டில் அதைக் கரைக்கக் கட்டி உதவும். புல்லே தீர்ந்த காட்டில் கட்டி சோறாகாது. அப்போது சோளத்தட்டு போட்டே ஆக வேண்டும்.

கட்டியின் பெரிய பலம், அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவது. யூரியாவுக்கு அந்த வழி ஒன்றுதான் சரி. புண்ணாக்கைப் போல மூன்று நாளைக்கு ஒருமுறை மொத்தமாகத் தரக்கூடிய பொருள் அல்ல அது. புண்ணாக்குப் புரதம் வயிற்றில் மெல்லக் கரையும். யூரியா நிமிசத்தில் கரைந்து அம்மோனியா ஆகிவிடும். அளவு மிஞ்சினால் கல்லீரல் தாங்காது, இரத்தத்தில் ஏறிவிடும். இது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தள்ளியிருக்கும் காட்டில் இரண்டு கட்டிகளைப் பழைய சிமெண்டுத் தொட்டியில் வைத்திருந்தேன். தொட்டிக்குக் கூரை இல்லை. இரவெல்லாம் பெய்த மழையில் கட்டி கரைந்து, தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்குக் கருப்பட்டிப் பாகு போலத் தண்ணீர் தேங்கிவிட்டது. காலையில் போனபோது இரண்டு வயதுச் செவலைக் கிடாரி அதைக் குடித்துக்கொண்டிருந்தது. இனிப்பாயிற்றே. விரட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தேன். அரைமணி நேரத்துக்குள் கிடாரிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. வாயில் நுரை, இடது விலா உப்பிக்கொண்டு வந்தது, கால் பின்னியது. பல்லைக் கடித்தபடி என்னையே பார்த்தது. அந்தப் பார்வையை மறக்க எனக்கு இன்னும் முடியவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். "வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும், நான் வர்றேன். ஆளை விட்டு வினிகர் எத்தனை பாட்டில் கெடைக்குதோ அத்தனையும் வாங்கியாரச் சொல்லுங்க" என்றார். பக்கத்துக் காட்டுத் தம்பி மூலனூருக்குப் பறந்தார். இரண்டு மளிகைக் கடையும் ஒரு ஓட்டலும் ஏறி எட்டு பாட்டில் கொண்டுவந்தார். டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டு வினிகரையும், கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகவும் இறக்கினார். புளிப்பு அம்மோனியாவை அடக்குமாம், குளிர்ந்த தண்ணீர் யூரியா கரைகிற வேகத்தைக் குறைக்குமாம். சாயங்காலம் கிடாரி எழுந்து நின்றது. பிழைத்தது எங்கள் பாக்கியம். டாக்டர் வேறு ஊருக்குப் போயிருந்தால் கதை வேறு.

அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மழையில் வைக்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு ஆகாது என்றும் இல்லை. கன்றுக்குப் பெருவயிறு இன்னும் வேலைக்கு வந்திருக்காது, அதற்கு யூரியா விஷம்தான். தயாரித்தவருக்குப் போன் செய்து சொன்னேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார், அடுத்த அச்சில் சேர்ப்பதாகச் சொன்னார். இந்த வைகாசியில் வாங்கிய பெட்டியிலும் அந்த வரி வரவில்லை. இது எனக்கு ஆறாத மனக்குறை. உயிருள்ளதற்கு விற்கிற பொருளில் உயிருக்கு ஆபத்தானதை முதல் வரியாகப் போட வேண்டாமா?

அதற்காகக் கட்டியை நான் விட்டுவிடவில்லை. மாசி முதல் வைகாசி வரை மட்டும், வீட்டுக் காட்டில் மட்டும், நான்கு தகரம் போட்ட சாய்ப்பின் கீழ் வைக்கிறேன். அடியில் தண்ணீர் தேங்காதபடி ஓட்டை போட்ட பலகை. முதல் வாரம் தினம் ஒருமணி நேரம் நக்கவிட்டு எடுத்துவிடுவேன். பசித்த மாட்டின் முன் வைப்பதே இல்லை, மேய்ந்து வந்த பிறகுதான். கோடை மழை அறிகுறி தெரிந்தால் கட்டி வீட்டுத் திண்ணைக்கு ஏறிவிடும். தள்ளியிருக்கும் காட்டில் யூரியா இல்லாத வெறும் தாது உப்புக் கட்டிதான். அது மழையில் கரைந்தால் காசு போகும், மாடு போகாது. தாது உப்புக்கு நாள் கணக்கே கிடையாது, எப்போதும் கிடக்கட்டும். தேவையானதை மாடே வந்து நக்கிக்கொள்ளும். கட்டுத்தாரையில் நிற்கும் கறவைக்கு மட்டும் தாது உப்புத் தூளைத் தீனியில் கலந்து நாளைக்கு ஐம்பது கிராம் போடுகிறேன். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தாது உப்புக் கலவையைத்தான் வாங்குகிறேன், ஒரு குறையும் கண்டதில்லை.

மூட்டையில் வரும் குச்சித் தீவனத்தைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். ஒரு மூட்டை வாங்கினேன், மேயும் மாட்டுக்கு மறுபடி வாங்க மாட்டேன். அதில் மக்காச்சோளமும் தவிடும்தான் அதிகம். மாவுச்சத்துத் தீனியை மூன்று நாளுக்கு ஒருமுறை மொத்தமாகப் போட முடியாது. பொங்கல் முடிந்த மறுநாள் மருந்தகத்தில் எத்தனை மாடு நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். ஆசையாகக் கொடுத்த பொங்கச்சோறு வயிற்றில் புளித்து, அமிலம் ஏறிப் படுத்துக்கொள்ளும். சோளமும் அரிசியும் அந்த வகையில் ஒன்றுதான். கொடுப்பதானால் தினமும், கொஞ்சமாக, ஒரே அளவில். நிறையக் கொடுத்தால் புல்லைக் கரைக்கிற நுண்ணுயிரும் சோர்ந்துவிடும், மாடு மேய்ச்சலைக் குறைத்துக்கொள்ளும். கறவைக்குக் கட்டுத்தாரையில் இரண்டு வேளையும் போடுங்கள், நல்லது.

ஆகையால் இப்போது எங்கள் காட்டில் மேயும் வறட்டு மாட்டுக்கும் கிடாரிக்கும் மட்டுமே திங்கள், புதன், வெள்ளி. ஈன இரண்டு மாதம் இருக்கும் சினை மாட்டை வீட்டுக்கு ஓட்டிவந்து தினமும் தீனி வைக்கிறோம். ஆய்வில் சினை மாட்டுக்கும் இடைவெளி விட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அத்தை ஒப்பவில்லை, எனக்கும் மனது ஒப்பவில்லை. கன்றுக்கும் கைப்பிடி அளவு தினமும் உண்டு, அது கடலைப் புண்ணாக்கு. பருத்திக்கொட்டையில் இருக்கும் நஞ்சைப் பெரிய மாட்டின் வயிறு முறித்துவிடும், கன்றின் வயிற்றுக்கு அந்தத் திறம் இல்லை. புண்ணாக்கு போடாத நாளிலும் மாட்டைப் பார்க்காமல் இருப்பதில்லை. தள்ளியிருக்கும் காட்டுத் தொட்டிக்கு மிதவை வால்வு வைத்தோம், தண்ணீர் தானாக நிரம்பும். ஆனாலும் பக்கத்துக் காட்டுத் தம்பி தினம் ஒருமுறை எட்டிப் பார்த்துத் தலை எண்ணிச் சொல்லிவிடுவார். தீனிக்கு இடைவெளி விடலாம், தண்ணீருக்கு விட முடியாது.

இனி புண்ணாக்குக் கடை. வெள்ளகோவிலில் செக்கு வைத்து ஆட்டுகிறவர்கள். நான்கு வருசமாக அங்கேதான் வாங்குகிறேன். புண்ணாக்கு வாசம் மாறாமல் இருக்கும், கையில் ஒடித்தால் பொலபொலவென்று உடையும். ஐம்பது கிலோ மூட்டையை வீட்டுத் தராசில் நிறுத்தால் சாக்கோடு ஐம்பது சரியாக இருக்கிறது. சாக்கு எடையைக் கழித்துத் தர வேண்டும் என்று இரண்டுமுறை சொன்னேன், இதுவரை கழிக்கவில்லை. நான்கு மூட்டைக்கு மேல் என்றால் வீடு வரை கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள், வண்டி வாடகை கேட்பதில்லை. கடைப் பையன், "ஏனுங்க்கா, தெனமும் போடறவங்களே இவ்வளவு வாங்கறதில்லீங், நீங்க மூணு நாளுக்கு இவ்வளவா?" என்று கேட்டான். வார அளவு ஒன்றுதான், நாள்தான் குறைச்சல் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. நாளைக் குறைக்கிறோம் என்று அளவையும் சேர்த்துக் குறைத்துவிட்டு, மாடு இளைத்துவிட்டது என்று வந்து சண்டை போட்டவர்களும் உண்டு என்றான்.

போன வாரம் மார்கழி மழைக்கு அஞ்சி அவசரமாக வேறொரு இடத்தில் ஒரு மூட்டை கடலைப் புண்ணாக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் நடுவில் பச்சைப் பூசணம். கன்றுக்குப் போடவிருந்த மூட்டை. திருப்பிக் கொடுத்தேன், பில் இருந்ததால் வாங்கிக்கொண்டார்கள். எந்தக் கடையானாலும் பில் கேட்டு வாங்குங்கள். அங்கேயே மூட்டை வாயைப் பிரித்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு கட்டியை எடுத்து ஒடித்து முகர்ந்து பாருங்கள். மேலே இருப்பது எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும்.